தந்தி முதல் கைப்பேசி வரை: நடுவில் நின்ற மனிதர்கள்

எழுபது வயதைக் கடந்த நமது அங்கத்தினர் எவரிடமாவது "வாசலில் தந்திச் சேவகன் நிற்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் முகம் மாறும். தந்தியில் நல்ல சேதியும் வந்ததுண்டு. உத்தியோக உத்தரவு வந்தது, பேரன் பிறந்த சேதி வந்தது, ரயிலில் இடம் கிடைத்துவிட்ட பதிலும் வந்தது. இருந்தாலும் உறையைப் பிரிப்பதற்கு முன்பே சமையலறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கும். அந்தத் தந்தி சேவை 2013-ஆம் வருஷம் ஜூலை 14-ஆம் தேதியோடு நம் தேசத்தில் முடிவுக்கு வந்தது. கடைசி நாளன்று பல ஊர்களில் இளைஞர்கள் வரிசையில் நின்று, தாய் தந்தையருக்கு ஞாபகார்த்தமாக ஒரு தந்தி அனுப்பினார்கள். அவர்களில் பலருக்கு அதுவே முதல் தந்தியும்கூட.

நான் 1969-இல் நாகபுரியில் தபால் தந்தி இலாகாவின் தணிக்கை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். தந்தி, டெலிபோன், மணியார்டர் எல்லாவற்றையும் கணக்குப் புத்தகத்தின் வழியாகவே முதலில் அறிந்தேன். செய்தித் தொடர்பின் வரலாற்றைப் பலரும் இயந்திரங்களின் வரலாறாகவே எழுதுகிறார்கள். கணக்குப் பார்த்த பழக்கத்தால் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒரு நிமிஷப் பேச்சின் விலை ஒவ்வொரு முறை குறைந்தபோதும், அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் நின்ற ஒரு மனிதர் விலகிப் போனார். அவருக்கான கூலி நமக்கு மிச்சமாயிற்று. அவர் கூலி வாங்காமல் செய்துவந்த காரியம் ஒன்றும் இருந்தது. அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தந்தியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ஓஷாக்னெஸி என்ற வைத்தியர்தான் இந்தியத் தந்தியின் மூலபுருஷர். கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே 1850-இல் அவர் போட்ட கம்பிதான் தொடக்கம். அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் கம்பியால் இணைக்கப்பட்டு, பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்ப வழி ஏற்பட்டது. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே ஜனங்கள் சொற்களை எண்ணி எழுதக் கற்றார்கள். "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்ற நான்கு வார்த்தைகள் காஷ்மீர் முதல் கன்யாகுமரி வரை எல்லோருக்கும் அர்த்தமாயின. அகராதிப்படி உள்ள அர்த்தம் அல்ல. அதற்கு மேலே உள்ள அர்த்தம்.

அந்த நான்கு வார்த்தையைக் கொண்டு சேர்க்க எத்தனை பேர்! கவுண்டரில் படிவத்தை வாங்கி வார்த்தைகளை எண்ணுபவர், மோர்ஸ் சாவியைத் தட்டுபவர், மறுமுனையில் காதால் கேட்டு எழுதுபவர், சைக்கிளில் கொண்டு போகிற சேவகன், கிராமமாக இருந்தால் இங்கிலீஷ் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார். ரகசியம் என்பதற்கு இடமே இல்லை. ஆனால் நாகபுரித் தந்தி ஆபீசில் இருந்த ஒரு மூத்த அன்பர் எனக்குச் சொன்னது மறக்கவில்லை. யாராவது கை நடுங்க "எக்ஸ்பயர்ட்" என்று எழுதிக்கொண்டு வந்தால், "வாங்கிக்கொள்கிற இடத்தில் யார் இருப்பார்கள்?" என்று கேட்பாராம். வயதான தாயார் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால், "சீரியஸ் என்று போடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள்" என்பாராம். இலாகா விதிகளில் இதற்கு இடம் கிடையாது. தணிக்கையில் கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரியாமல் விழித்திருப்பார்.

மணியார்டரும் அப்படித்தான். 1880-இல் தபால் இலாகா அதை ஏற்றுக்கொண்டது. நம் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள், தஞ்சை ஜில்லாவிலும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும், வடக்கே போன பிள்ளை மாதம் முதல் வாரத்தில் அனுப்பிய மணியார்டரில்தான் அடுப்பு மூட்டின. படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள். பணத்தை விட அந்த நாலு வரிக்காகப் பாட்டிமார் காத்திருப்பார்கள். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டி, நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு போவார். பாட்டியின் பணத்தில் கை வைக்க நினைக்கிற உறவுக்காரன் பக்கத்தில் நின்றால் தபால்காரருக்குத் தெரிந்துவிடும். அவர் அன்றைக்கு மறந்தாற்போலப் பையை மூடிக்கொண்டு, மறுநாள் காலை வந்து கொடுத்த கதைகளும் உண்டு.

நம்மவர்கள் ஏன் இத்தனை ஊர்களில் சிதறினார்கள் என்பதற்கும் செய்தித் தொடர்பு ஒரு காரணம். கும்பகோணத்திலும் மாயவரத்திலும் ஓட்டுக் கொட்டகையில் நடந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள்தான் அந்நாளைய கம்ப்யூட்டர் சென்டர்கள். லோயர், ஹையர், பிட்மன் சுருக்கெழுத்து. இவற்றைப் பாஸ் செய்த கையோடு டில்லி செக்ரெடேரியட்டுக்கும் பம்பாய்க் கம்பெனிகளுக்கும் கல்கத்தா வெள்ளைக்காரத் துரைமார்களின் ஆபீசுகளுக்கும் ரயில் ஏறினார்கள். மாதுங்காவும் கரோல்பாகும் அப்படி உண்டானவை. துரையின் வாய்க்கும் காகிதத்துக்கும் நடுவில் நின்றவர் நம் ஸ்டெனோ. துரையின் இலக்கணப் பிழையைத் திருத்தியதும், கோபத்தில் சொன்ன கடிதத்தை மறுநாள் வரை மேஜை டிராயரில் வைத்திருந்து "அனுப்பட்டுமா ஸார்?" என்று கேட்டதும் அவரேதான். இன்றைக்கு அதிகாரிகள் தாங்களே தட்டித் தாங்களே அனுப்புகிறார்கள். கோபம் ஆறுவதற்கு நேரம் கிடையாது.

இப்படிச் சிதறிய குடும்பங்கள் கடிதத்தில்தான் வாழ்ந்தன. போஸ்ட் கார்டு 1879-இல் வந்தது, விலை காலணா. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் சுபச் செய்தி. மூலையில் கறுப்பு மசி இருந்தால் படித்துவிட்டு உடனே கிழித்துப் போட்டுவிட்டு ஸ்நானம். குரலைக் கேட்க வேண்டுமென்றால் ட்ரங்க் கால்தான். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று தரம். காலையில் பதிவு செய்தால் மாலையில் கிடைத்தாலும் கிடைக்கும். மூன்று நிமிஷம் முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கிடுவாள். "சௌக்கியமா, சௌக்கியமா" என்று இரண்டு பக்கமும் கத்தியே இரண்டரை நிமிஷம் போயிருக்கும். சுதந்திரம் வந்தபோது 35 கோடி ஜனங்களுக்கு நாட்டில் இருந்த டெலிபோன்கள் சுமார் 80,000-தான்.

ஆபரேட்டர் இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி, 1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதலில் வந்தது. அது தேசம் முழுவதும் பரவ இருபது, முப்பது வருஷம் ஆயிற்று. வீட்டுக்கு டெலிபோன் கேட்டு மனுப் போட்டவர்களில் பலர், மனுப் போட்டபோது தொட்டிலில் கிடந்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையில்தான் இணைப்பு பெற்றார்கள். இது கேலிக்காகச் சொல்வது அல்ல. எங்கள் நாகபுரி வீட்டு மாடியில் குடியிருந்தவருக்கு அப்படித்தான் நடந்தது.

நிலைமை மாறியது 1984-க்குப் பிறகு. அந்த வருஷம் ஸி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையம் துவக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஸாம் பிட்ரோடா, 36 மாதத்தில் 36 கோடி ரூபாயில் நமக்கேற்ற எக்ஸ்சேஞ்ச் செய்து தருவோம் என்றார். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குக் குளிர்சாதன அறை வேண்டும். நம் கிராமத்து வெயிலிலும் புழுதியிலும் அது இல்லாமலே ஓடக்கூடிய 128 இணைப்புச் சிறு எக்ஸ்சேஞ்சை நம் இளம் இஞ்ஜினீயர்கள் வடிவமைத்தார்கள். 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது இயங்க ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், பின்னால் வந்த செல்போனை விட இதுவே பெரிய காரியம். எல்லோருக்கும் சொந்தமாக ஒரு டெலிபோன் கொடுக்க முடியாவிட்டாலும், எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் ஒன்று இருக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வலுப்பெற்றது.

அதன் பலன்தான் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத். உடல் ஊனமுற்றவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் விதவைகளுக்கும் முன்னுரிமை தந்து இலாகா அனுமதி வழங்கியது. இரவு ஏற ஏறக் கட்டணம் அரை, கால் என்று குறையும். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பூத் வாசலில் கூட்டம் சேரும். கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும், வெளியே நிற்பவர்கள் அவர் குடும்ப விவகாரம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருவில் பூத் வைத்திருந்தவர் போலியோவில் கால் பாதிக்கப்பட்ட ஒரு மராட்டிய இளைஞர். "உன் மாமியார் போன் பண்ணினாள், ஒன்பது மணிக்கு மறுபடி பண்ணுவாள்" என்று வீட்டுக்கு ஆள் அனுப்புவார். பில்லுக்குச் சில்லறை குறைந்தால் நாளைக்கு வாங்கிக்கொள்வார். அந்தப் பூத்தின் வருமானத்தில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் டில்லிக்குப் பேசினார். அதுதான் நம் தேசத்தின் முதல் செல்போன் அழைப்பு. பதினைந்து நாள் கழித்து, அதே சுதந்திர தினத்தன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்புத் தர ஆரம்பித்தது. செல்போனில் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய்வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் பணம். ஆகவே அது காண்டிராக்டர்களின் இடுப்பு ஆபரணமாகவே சில வருஷம் இருந்தது. 1999-ஆம் ஆண்டுக் கொள்கையில் கம்பெனிகளின் லைசென்ஸ் கட்டணம் வருமானத்தில் பங்கு என்று மாற்றப்பட்டது. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் போஸ்ட் கார்டை விட மலிவாகப் பேசலாம் என்று சொல்லிக்கொண்டு இறங்கியது. 2003 மே மாதத்திலிருந்து வருகிற அழைப்புகள் இலவசமாயின. 2006 மார்ச் 1 முதல் அரசு நிறுவனங்களே நிமிஷத்துக்கு ஒரு ரூபாயில் தேசத்தின் எந்த மூலைக்கும் பேசலாம் என்றன.

இவற்றுள் 2003-ஐத்தான் நான் திருப்புமுனை என்பேன். கேட்பதற்குக் காசு இல்லை என்றான பிறகுதான் ஆட்டோ ஓட்டுநரும் பூக்காரியும் வீட்டு வேலை செய்யும் அம்மாளும் கைப்பேசி வாங்கினார்கள். காசே செலவழிக்காமல் செய்தி அனுப்பும் "மிஸ்டு கால்" என்ற மகத்தான கலையையும் நம் ஜனங்கள் வளர்த்துவிட்டார்கள். ஒரு மணி அடித்து நின்றால் "வந்து சேர்ந்தேன்", இரண்டு அடித்தால் "நீ கூப்பிடு". தந்தியில் வார்த்தையை எண்ணிய அதே மூளைதான்!

வியாபாரத்தில் இது என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். நமது பத்திரிகையில் மீன் கதை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதை விடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 1997-க்கும் 2001-க்கும் இடையே கேரளத்தின் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஜில்லாக்களின் கடற்கரையில் ஒவ்வொன்றாகச் செல்போன் கோபுரங்கள் எழுந்தன. அதற்கு முன்பு, ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கடலில் கொட்டுவார்கள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் போதாமல் வியாபாரிகள் திரும்புவார்கள். கோபுரம் வந்த பிறகு படகிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். ராபர்ட் ஜென்ஸன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதை வருஷக்கணக்கில் கவனித்து 2007-இல் வெளியிட்டார். மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது, வீணாவது ஏறக்குறைய நின்றே போயிற்று. இருவருக்கும் லாபம் என்பது வர்த்தகத்தில் அபூர்வம். நடுவில் ஆள் விலகியதால் நன்மையே விளைந்த இடம் இது. அதை மறைக்க எனக்கு எண்ணமில்லை.

ரயில் பயணமும் அப்படியே. திரும்பி வர இடம் வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தந்தி போய்ப் பதில் வந்த காலம் ஒன்று. 2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் விற்பனை துவங்கிய பிறகு, க்யூவில் நள்ளிரவிலிருந்து துண்டு போட்டுப் படுக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. யாரும் அதற்காகக் கண்ணீர் விடப் போவதில்லை.

நம் ஆசாரங்களையும் இது தொட்டது. வாத்தியார் ஸ்வாமிகள் இன்று இரண்டு கைப்பேசி வைத்திருக்கிறார். 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் சிராத்தம் திரையைப் பார்த்துக்கொண்டு நடந்தது. சரியா தவறா என்று பெரியவர்கள் முடிவு செய்யட்டும். அந்த வருஷம் திதியைத் தவற விடாமல் இருக்க வேறு வழி இருக்கவில்லை. அதே வருஷ மார்கழியில் சென்னைச் சபாக் கச்சேரிகளை நாகபுரியிலும் நியூஜெர்ஸியிலும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். தமிழுக்கு 1999-இல் ஒரு பொது விசைப்பலகை முறை வகுக்கப்பட்டும், பூனாவில் வளரும் என் பேரன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறான். ஆனால் பாட்டிக்குக் குரல் பதிவு அனுப்புகிறான். அவள் அதை நான்கு முறை போட்டுக் கேட்கிறாள். கடிதத்தை நாலு முறை படித்ததைப் போலத்தான்.

2016-ஆம் வருஷம் மூன்று காரியங்கள் சேர்ந்து வந்தன. ஏப்ரலில் யு.பி.ஐ. என்ற பணப் பரிமாற்ற முறை, செப்டம்பரில் ஜியோவின் மலிவு இணைய சேவை, நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுச் செல்லாமல் போன அறிவிப்பு. இளநீர்க்காரரின் வண்டியிலும் கோயில் உண்டியல் பக்கத்திலும் சதுரக் கட்டங்கள் ஒட்டப்பட்டன. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. இவற்றுள் எதற்கும் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை இரண்டு முறை எண்ணும் தபால்காரர் தேவையில்லை.

இங்கேதான் என் கவலை. பூனாவில் எங்கள் குடியிருப்பில் எண்பது வயதை நெருங்கும் ஒரு மாமி தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். 2024-இல் ஒரு நாள் போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் வந்து, அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றும், அவர் "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்யப்பட்டிருக்கிறார் என்றும், அழைப்பைத் துண்டித்தால் பிள்ளையையும் கைது செய்வோம் என்றும் மிரட்டினான். ஐந்து மணி நேரம் மாமி ஜபம்கூடச் செய்யாமல் கைப்பேசி முன்னால் உட்கார்ந்திருந்தார். பிக்சட் டெபாசிட்டை உடைத்து ஒரு கணக்குக்கு அனுப்பச் சொன்னான். மாமிக்கு அதைக் கைப்பேசியில் செய்யத் தெரியாது. ஆகவே ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனார், அழைப்பைத் துண்டிக்காமலே. கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தாள், மாமியின் முகத்தைப் பார்த்தாள். "ஆஜி, இவ்வளவு அவசரம் என்ன?" என்று மராட்டியில் கேட்டாள். மாமி வாய் திறக்காமல் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பெண் அதை வாங்கி அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாளாம்.

மாமியைக் காப்பாற்றியது, கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாமல் இருந்ததுதான். தெரிந்திருந்தால் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார். இது பலருக்கு நடந்திருக்கிறது, எல்லோருக்கும் ஒரு கவுண்டர் பெண் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்தவர்கள், பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்கூட வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்வதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அங்கத்தினர்கள் இந்த எண்ணை வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் மட்டுமின்றி, சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது நல்லது.

மாமி விஷயத்துக்குப் பிறகு எங்கள் கிளையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாலில் ஒரு மேஜை போடுகிறோம். காலேஜ் பையன்கள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற டெலிபோன் இலாகா இஞ்ஜினீயர் ஒருவர், நான். மின்சார பில், டிக்கெட், சந்தேகமான குறுஞ்செய்தி என்று எதையாவது எடுத்துக்கொண்டு பெரியவர்கள் வருகிறார்கள். பல சமயம் விஷயம் ஒன்றுமில்லை, கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். நவம்பர் மாதம் மட்டும் கூட்டம் தாங்காது, பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். 2014-இல் இதற்காக ஜீவன் பிரமாண் என்ற ஏற்பாடு வந்தது. 2021 முதல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றார்கள்.

போன நவம்பரில் எண்பத்து நான்கு வயது மாமா ஒருவர் வந்தார். கைப்பேசி அவரைக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சொன்னபோது சிமிட்டவில்லை, சொல்லாதபோது சிமிட்டினார். கண்புரை ஆபரேஷன் ஆனவர். நான்காவது முறை சான்றிதழ் கிடைத்துவிட்டது. "அவ்வளவுதானா? ரசீது எங்கே?" என்றார். பையன் திரையில் தெரிந்த எண்ணைக் காட்டினான். "அதெல்லாம் வேண்டாம், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடு, தேதியும் போடு" என்றார். பையன் எழுதிக் கொடுத்தான். மாமா அதை இரண்டு முறை படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.